மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லவும்

கிழக்குத் தாம்பரம்
11–2–1962

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கை யூனிஸுக்கு அண்ணன் சத்தியநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி அமலராணியும் தேவகிருபையால் நலம். உன் சுகமும், மாப்பிள்ளை ஷென் அவர்களின் சுகமும், குழந்தை கிருபாவின் சுகமும் அறிய ஆவல்.

இது சம்பிரதாயம். இனி விஷயம்.

நம் ஊர்க் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை மறுபடியும் காலியாகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால், நீங்கள் இரண்டு பேரும் இங்கிலாந்தில் படிப்பை முடித்துக் கல்யாணமும் செய்துகொண்ட கையோடு, நான் பிரின்ஸிபால் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்று இதே வேலையை மாப்பிள்ளைக்காகப் பிடித்து வைத்தேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார். தன் நாட்டில் பௌதிகம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையாம், மன்னிக்க வேண்டுமாம். சீனாவில் அறுபது கோடிப் பேர். ஒருவர் குறைந்தால் தெரியவா போகிறது? எனக்கு இருப்பது ஒரே தங்கை. உன்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றியது 1948-இல். அதற்குப் பிறகு உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இப்போது இரண்டாம் தடவையாகப் போய்க் கேட்டிருக்கிறேன். குவார்ட்டர்ஸ் உண்டு. சுற்றிலும் மரம், காலையில் மான் வந்து நிற்கும். லாபரட்டரி பெரியது. மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லவும். ஜூனுக்குள் பதில் வேண்டும்.

அண்ணன்,
சத்தியநாதன்


லான்சோ, சீனா
3–8–1962

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் யூனிஸின் ஸ்தோத்திரம். நாங்கள் மூவரும் சுகம். உங்கள் கடிதம் ஜூலைக் கடைசியில்தான் கைக்கு வந்தது. கோபிக்க வேண்டாம்.

அவருக்குப் படித்துச் சொன்னேன். மான் வருகிற இடத்தில் சிரித்தார். ‘அண்ணாவுக்கு நன்றி சொல். இப்போது முடியாது’ என்றார். அவரைத் துறைத் தலைவராக்கியிருக்கிறார்கள். நாங்கள் வந்தபோது இந்தத் துறை என்பது நாலு அறையும் ஒரு மண்சுவரும்தான். விண்ணிலிருந்து வரும் கதிர்களை அளக்கிற கருவியை, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கண்ணாடிக் குழாய்களை வைத்து அவரே செய்தார். இப்போது வருஷத்துக்கு நாற்பது பேர் பட்டம் வாங்கிப் போகிறார்கள்.

இரண்டு மூன்று வருஷமாக இந்தப் பக்கம் விளைச்சல் சரியில்லை. எல்லோருமே கொஞ்சம் மெலிந்திருக்கிறோம், அவ்வளவுதான். கிருபாவின் பாவாடையை இரண்டு தரம் பிடித்துத் தைத்தேன். பேராசிரியர்களுக்கென்று தனியாக சோயா மாவு கொடுத்தார்கள். அவர் அதை அப்படியே மாணவர் விடுதிக்கு அனுப்பிவிட்டார். நான் சண்டை போட்டேன். பசித்தவன் மண்டைக்குள் நியூட்டன் நுழையமாட்டான் என்கிறார். இவரோடு பேசி ஜெயிக்க முடியாது.

பல்லாவரம் சந்தையில் இப்போது முருங்கைக்காய் வருகிறதா? சும்மா கேட்டேன்.

அன்புத் தங்கை,
யூனிஸ்


கிழக்குத் தாம்பரம்
22–11–1964

அன்பான யூனிஸுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதவே பயமாக இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க இங்கே ஆள் இருக்கிறார்.

எல்லையில் சண்டை வந்து இரண்டு வருஷம். நான் போட்ட மூன்று கடிதம் திரும்பி வந்தன. நீ போன வருஷம் எழுதியது போன வாரம் வந்தது. தபால்காரன் துளசிங்கம் தெருமுனையிலேயே கத்துகிறான்: “வாத்தியாரே, சீனாலேர்ந்து உன் தங்கச்சி லெட்டர் வந்துகீது! எத்தினி பேரு கிழிச்சி ஒட்டிகீறானுங்க பாரு!” தெருவே எட்டிப் பார்த்தது.

மாதம் ஒருமுறை சி.ஐ.டி. சம்பத் என்று ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நல்ல மனுஷன். அமலராணி போடும் காப்பியைக் குறை சொல்வதில்லை. உங்கள் நாட்டில் அணுகுண்டு வெடித்த மறுவாரம் வந்தார்.

“சார், உங்க மச்சான் பௌதிக டாக்டர்தானே? இந்த பாம் அவர் பண்ணதா?”

“ஆஸ்பத்திரியில தூக்கிப்போட்ட கண்ணாடிக் குழாயை வெச்சு ஏதோ பண்றார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். “குழாய். சரி. எத்தனை குழாய் சார்?”

நான் என்னத்தைச் சொல்வது? உன் வீட்டுக்காரர் இங்கே வந்திருந்தால் இந்தக் கூத்தெல்லாம் உண்டா?

பள்ளிக்கூடத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. எப்போதும்போல் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முருங்கைக்காய் வருகிறது. நீ அதைக் கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

சத்தியநாதன்


லான்சோ
9–4–1966

அன்புள்ள அண்ணாவுக்கு யூனிஸ் எழுதுவது. சுகம். நன்றாகவே சாப்பிடுகிறோம். கிருபாவுக்குப் பன்னிரண்டு வயது. என்னைவிட உயரமாகிவிட்டாள்.

சந்தோஷமான செய்தி. அவரைப் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவராக்கியிருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் இந்தப் பதவி பெரிது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இவரோ காலையில் மாணவர்களோடு சேர்ந்து செங்கல் சுமக்கிறார். பௌதிகத் துறைக்கு மூன்று மாடிக் கட்டடம் எழும்புகிறது. கோட்டில் செங்கல் தூள் போகவே மாட்டேன் என்கிறது. துணைத் தலைவர் கோட்டா இது என்று தினமும் துவைக்கும்போது திட்டுகிறேன்.

ஜாவ் என்று ஒரு மாணவன். விவசாயி மகன், செருப்பில்லாமல் வந்து சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தனக்குப் பிறகு துறையை இவன் பார்த்துக்கொள்வான் என்று அவர் நம்புகிறார்.

சம்பத் சாரிடம் சொல்லுங்கள்: என் வீட்டுக்காரர் இந்த வருஷமும் முதலாண்டு மாணவர்களுக்குப் பந்து ஏன் கீழே விழுகிறது என்றுதான் பாடம் எடுக்கிறார். அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

யூனிஸ்


லான்சோ
18–12–1966

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். குளிர் அதிகம்.

அவருக்கு இப்போது வேலை மாறியிருக்கிறது. திறந்த வெளியில் வேலை. பல்கலைக்கழகப் பண்ணையில் பன்றிகளைப் பார்த்துக்கொள்கிறார். இருபத்திரண்டு பன்றிகள். உடம்புக்கு நல்லதுதான். வீடும் மாறிவிட்டோம். ஒரே அறை, பெருக்குவது சுலபம். நானும் இப்போது இங்கிலீஷ் வகுப்பு எடுப்பதில்லை.

ஜாவ் அடிக்கடி வருகிறான், நண்பர்களோடு.

அண்ணிக்கு என் அன்பு.

யூனிஸ்


கிழக்குத் தாம்பரம்
5–3–1967

அன்பான யூனிஸுக்கு,

நலம். நீ சுகமா என்று கேட்கவே எனக்குக் கோபமாக வருகிறது.

பன்றியா? நிஜமாகவே பன்றியா? துணைத் தலைவர் என்று எழுதி ஒரு வருஷம் ஆகவில்லை. உன் வீட்டுக்காரருக்குத் தலையில் இருப்பது மூளையா, களிமண்ணா? எட்டு வருஷம் படித்த படிப்பைக் கொண்டுபோய்ப் பன்றித் தொட்டியில் கொட்டியிருக்கிறார்! யாரோடு வம்பு பண்ணினார்? பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பழக்கம் அந்த மனுஷனுக்கு என்றைக்கு இருந்தது? தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற கர்வம். ஊருக்கு உழைக்கிறேன் என்று பெண்டாட்டி பிள்ளையை ஒற்றை அறையில் கொண்டுவந்து வைத்தாயிற்று. எனக்கு முதல் நாளே தெரியும்.

சம்பத் உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: “சார், இந்தப் பன்னிங்கறது கோட் வேர்டா?” இருபத்திரண்டு என்ற எண்ணின் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

போதும். அவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்துவிடு. கல்லூரியில் இல்லாவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்திலாவது வேலை வாங்கித் தருகிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

சத்தியநாதன்


கிழக்குத் தாம்பரம்
14–8–1968

அன்பு யூனிஸுக்கு அண்ணி அமலராணி எழுதிக்கொண்டது. நான் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது.

உன்னிடமிருந்து ஒரு வரி வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிறது. ஐந்து கடிதம் போட்டுவிட்டார். துளசிங்கத்தின் சைக்கிள் மணி கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறார். “இன்னிக்கி இல்ல வாத்தியாரே, நாளைக்கி வரும்” என்று அவனே இப்போது மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறான். பேப்பரில் அங்கே கலாசாரப் புரட்சி, படித்தவர்களை அவமானப்படுத்துகிறார்கள் என்று ஏதேதோ போடுகிறார்கள். அதைப் படித்தபிறகு, பன்றி என்று நீ எழுதியது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் ஸ்கூலுக்குப் போகவில்லை. ‘நான்தான் மாப்பிள்ளையைக் கண்டபடி எழுதிவிட்டேனே, அதனால்தான் அவள் கோபித்துக்கொண்டாள்’ என்று ஒரே புலம்பல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் செத்தாலும் சொல்லமாட்டார். நாலு வருஷத்துக்கு முன் ஹெட்மாஸ்டர் வேலை அவருக்கு வரவேண்டியது. போலீஸ் வந்து போகிற வீட்டுக்காரனை எப்படிப் போடுவது என்று கமிட்டியில் பேசி, அவரிடம் படித்த தேவானந்தத்தைப் போட்டுவிட்டார்கள். சீனாவோடு கடிதப் போக்குவரத்தை நிறுத்தினேன் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்றார்களாம். இவர் ஆறாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உயிரோடு இருக்கிறாய் என்று இரண்டு எழுத்துப் போடு. எனக்குப் போதும்.

அமலராணி


லான்சோ
2–10–1972

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உயிரோடு இருக்கிறோம், மூன்று பேரும். உங்கள் கடிதங்கள் பதினொன்றும் போன மாதம் ஒரே கட்டாகக் கிடைத்தன.

கிருபா இரண்டு வருஷமாக மலைக் கிராமம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவர் இப்போது கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறார். இடது காது சரியாகக் கேட்பதில்லை. வேறு தொந்தரவு இல்லை.

அண்ணா, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் பன்றிக் கடிதத்தைப் பற்றி எப்போதாவது எழுத முடிந்தால் எழுதுகிறேன்.

யூனிஸ்


கிழக்குத் தாம்பரம்
20–12–1972

அன்பான யூனிஸுக்கு,

கடிதம் வந்தது. துளசிங்கத்துக்கு அமலராணி கேக் கொடுத்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அந்த முட்டாள்.

எந்தக் காதில் கேட்கவில்லையோ அதில் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல். கம்பளி உறை ஒன்று பின்னி அனுப்புகிறோம். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். இதற்கு முன் எந்தக் கடிதத்திலும் நான் அதைச் சரியாக எழுதவில்லை.

இனிமேல் நான் கேள்வி கேட்கமாட்டேன். முடிந்ததை எழுது.

சத்தியநாதன்


லான்சோ
10–9–1978

அன்புள்ள அண்ணா, அண்ணி,

சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். நீங்கள் ஜூலையில் எழுதியதைக் கண்டேன். அதற்குப் பதில் கடைசியில். முதலில் பாக்கி வைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது சொல்லலாம்.

1967 மே மாதம் மாணவர்கள் வீட்டைச் சோதனை போட்டார்கள். ஜாவ்தான் தலைவன். இங்கிலீஷ் புத்தகங்களையெல்லாம் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். பிறகு உங்கள் கடிதங்கள் கிடைத்தன. அந்த எழுத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. உளவாளிகளின் சங்கேத பாஷை என்று முடிவு கட்டினார்கள். அது நிரூபணமானால் அவருக்குச் சிறை, எனக்கும்தான்.

மறுநாள் விளையாட்டு மைதானத்தில் கூட்டம், இரண்டாயிரம் பேர். அவர் தலையில் காகிதக் கூம்புத் தொப்பி, கழுத்தில் பலகை. குனிந்து நிற்க வேண்டும். என்னை மேடையேற்றி, கடைசியாக வந்த கடிதத்தைக் கையில் கொடுத்து, மொழிபெயர்த்துப் படி என்றான் ஜாவ். உங்கள் பன்றிக் கடிதம்.

படித்தேன். தலையில் இருப்பது மூளையா, களிமண்ணா? கூட்டம் ஆரவாரித்தது! படித்த படிப்பைப் பன்றித் தொட்டியில் கொட்டியவர். பெரியவர்கள் சொன்னால் கேட்காதவர். கர்வம் பிடித்தவர். ஒவ்வொரு வரியையும் கோஷமாகத் திருப்பிச் சொன்னார்கள். தாம்பரத்துக்கு வந்துவிடு என்ற வரியையும், போலீஸ்காரர் வரியையும் விழுங்கிவிட்டேன். அந்த ஊரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“உன் அண்ணன் என்ன தொழில்?” என்று கேட்டான் ஜாவ்.

“ரயில்வே கூலி” என்றேன். மன்னியுங்கள் அண்ணா.

“பாருங்கள், இந்தியாவின் தொழிலாளிகூட ஷென்னைக் கண்டிக்கிறான்!” என்றான். கடிதத்தை ஒரு மாதம் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். உளவாளிப் பேச்சு அதோடு நின்றது. கடிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் அறைக்கு வந்து தொப்பியைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி: “களிமண்ணைத் தமிழில் எப்படி எழுதுவது?” வீட்டில் படிக்க மிஞ்சியது உங்கள் கடிதங்கள் மட்டும்தான். அந்த வருஷங்களில் அவற்றை வைத்தே தமிழ் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் அவருக்குத் தமிழில் நன்றாகத் தெரிந்தது திட்டு மட்டுமே.

காது போனது வேறொரு கூட்டத்தில். அதை எழுத வேண்டாம் என்கிறார்.

ஐந்து வருஷத்துக்கு முன் பாடம் எடுக்க விட்டார்கள். இந்த ஜூனில் அவரைப் பல்கலைக்கழகத்தின் தலைவராக்கியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரம் வந்த மனுக்களில் ஒன்று ஜாவுடையது. நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தானாம், ஆசிரியர் வேலை கேட்டிருந்தான். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்! நான் இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா, அந்தக் காதைத் தொட்டுப் பாருங்கள் என்று கத்தினேன். வலது காதுப் பக்கம் நின்றுதான் கத்தினேன்.

“பத்து வருஷமாக ஒழுங்காக ஒரு வகுப்பும் நடக்கவில்லை. பௌதிகம் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். அவன் பன்னிரண்டாவது. கோபித்துக்கொள்ள என்னிடம் உபரியாக ஆள் இல்லை” என்றார். ஜாவ் பாடம் எடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நான் அவனைக் கூப்பிடுவதில்லை. அது மட்டும் என் இஷ்டம்.

கிருபா நுழைவுத் தேர்வு எழுதிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். இருபத்துநாலு வயதில் முதலாண்டு.

இனி உங்கள் கேள்வி. கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணா, என்னால் முடியாது. முந்நூறு பேருக்கு இங்கிலீஷ் சொல்லித்தர நானும் இன்னொருத்தியும்தான். பதினேழு வயதுப் பெண்ணும் முப்பத்திரண்டு வயதுத் தகப்பனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. அவரைத் திட்டியதையெல்லாம் இனி என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

அண்ணி 1968-இல் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஹெட்மாஸ்டர் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லையே அண்ணா.

யூனிஸ்


கிழக்குத் தாம்பரம்
15–3–1979

அன்பான யூனிஸுக்கு,

இங்கே நலம். ஆனால் ஆறு மாதமாக எனக்கு ரத்தக் கொதிப்பு. காரணம் உன் கடிதம்.

ரயில்வே கூலியா? முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவனை, இரண்டாயிரம் பேருக்கு முன்னால்! அமலராணி சிரிப்பை அடக்க முடியாமல் சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அவளோடும் நான் பேசுவதில்லை. என் முதுகுக்குப் பின்னால் கடிதம் எழுதியிருக்கிறாள். ஹெட்மாஸ்டராகியிருந்தால் கையெழுத்துப் போட்டே காலம் போயிருக்கும், பையன்களுக்குக் கணக்குச் சொல்லித்தர நேரம் இருந்திருக்காது. இதை நானே நம்பவில்லை. ஆனாலும் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன்.

அந்த ஜாவுக்கு வேலையா? படித்த அன்றைக்கு மேஜையைத் தட்டியதில் தம்ளர் உடைந்தது. மறுநாள் பல்லாவரம் சந்தையில் தேவானந்தத்தைப் பார்த்தேன். பதினாலு வருஷமாக அவனைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை. “சார், சௌக்கியமா?” என்றான். “சௌக்கியம்தான்பா” என்றேன். அவ்வளவுதான். உடனே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் வீட்டுக்காரரைப்போல் என்னால் முடியாது.

முப்பத்தொரு வருஷமாக வா வா என்கிறேன். நீ வரப்போவதில்லை. உனக்கும் பைத்தியம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று தெரிந்துபோயிற்று. அதனால் நவம்பரில் நானே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். பெங்களூரைத் தாண்டாதவன் நான். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் புதியவர், “சீனாவுல உங்களுக்கு என்ன சார் வேலை?” என்றார். “சண்டை போடணும்” என்றேன். அமலராணி நடுவில் வந்து காப்பாற்றினாள். மாப்பிள்ளையின் பல்கலைக்கழகத்திலிருந்து சிவப்பு முத்திரை குத்திய அழைப்பு வந்துவிட்டது. அதன் அடியில் அவர் தன் கையால் தமிழில் நாலு வரி எழுதியிருக்கிறார். ‘களிமண் தலையன் காத்திருக்கிரேன், வரவும்’ என்று முடிகிறது. ‘றே’ போட வேண்டிய இடத்தில் ‘ரே’ போட்டிருக்கிறார். ஆறு மாதம் உட்காரவைத்துத் திருத்தினால்தான் சரியாகும்.

ஏப்ரல் 20 கல்கத்தாவிலிருந்து ஹாங்காங் போகிறோம். அங்கிருந்து ரயில், மூன்று நாளுக்கு மேல் ஆகுமாம். அமலராணிக்கு ஜன்னலோரம் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். உங்கள் முந்நூறு பேருக்கும் கணக்குச் சொல்லித்தர ஆள் போதுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டு வை. நானாகக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டும். எனக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது, பல்லும் கட்டியிருக்கிறேன், அடையாளம் தெரியாது. பிளாட்பாரத்தில் ஒருவன் தமிழில் கத்திக்கொண்டிருப்பான். அவன் உன் அண்ணன்.

சத்தியநாதன்